சுண்டெலியும் சுட்டியும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டுதோறும் இம்மேடையில் புலவர் பெருமக்கள் பேசுவார்கள்; யாம் கீழே அமர்ந்து கேட்டு மகிழ்வோம். இவ்வாண்டு நம் செயலாளர் அவர்கள், "நீரும் ஏதேனும் ஒரு பொருள்பற்றிச் சிறிது நேரம் பேசும்" என்று பணித்துவிட்டார். யாம் பத்தாம் வகுப்பு மட்டுமே தேறினோம். இரயில்வே அலுவலகத்தில் கோப்புகளைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமே எம் தொழில். பெரும்பொருள் பேசும் தகுதி எமக்கு இல்லை. ஆதலின் சிறியதொரு பொருளைத் தேர்ந்துகொண்டோம். அது சுண்டெலி. ஆங்கிலத்தில் அதனை 'மவுஸ்' என்பர். அந்த ஒரு சொல்லுக்கு எத்தனை பொருள்கள் உள்ளன என்பதையும், அவற்றுள் ஒன்றை அறியாமையால் யாம் பட்ட பாட்டையும் இன்று உங்கள்முன் வைக்கின்றோம்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகின்றோம். "அவருக்கு நல்ல மவுசு" என்று நம் ஊரில் சொல்வார்களே, அந்த மவுசு வேறு. இந்த மவுஸ் வேறு. இந்த மவுஸால் எமக்கிருந்த கொஞ்ச மவுசும் ஒருநாள் போயிற்று. அக்கதையைக் கேளுங்கள்.

எம் தந்தையார் இவ்வூரில் இரயில் பாதையைச் செப்பனிடும் கேங்மேனாக இருந்தவர். எம் அன்னையாரும் யாமும் தஞ்சைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் வாழ்ந்தோம். பணியில் இருக்கும்போதே தந்தையார் காலமானார். கருணை அடிப்படையில் எமக்குக் குமாஸ்தா வேலை கிடைத்தது. 2001ஆம் ஆண்டு, 22 வயதில், ஒரு தகரப் பெட்டியோடு இவ்வூர் நடைமேடையில் வந்து இறங்கினோம். இந்தி ஒரு சொல்லும் அறியோம். ஆங்கிலமோ பள்ளிப் பாடப் புத்தகத்தின் அளவே அறிவோம்.

எமக்குத் தந்த மேசை பழைய பதிவேடுகள் வைக்கும் அறையின் வாயிலில் இருந்தது. அவ்வறையில் எலிகள் மிகுதி. எலி ஒழிப்புக்கென்றே ஒரு தனிக் கோப்பு உண்டு. அது எம் பொறுப்பு. இரயில்வேயில் எலி ஒழிப்பு எளிய காரியம் அன்று. எலி நடைமேடைக்கு அடியில் வளை தோண்டும். சிக்னல் கம்பிகளைக் கடிக்கும். பார்சல் அறையில் தானிய மூட்டைகளைக் கிழிக்கும். ஆகவே அக்கோப்பை யாம் மிகுந்த அக்கறையோடு பேணி வந்தோம்.

சேர்ந்து மூன்று திங்கள் ஆகியிருக்கும். மாடியில் இருந்த வேறொரு பிரிவிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு வந்தது. இரண்டு மேசைகளில் மவுஸ் தொல்லை தருகிறது, வேலை நின்றுவிட்டது, உடனே ஆவன செய்யவேண்டும் என்பது அதன் சாரம். யாம் ஒரு கணமும் தாமதிக்கவில்லை. பண்டகசாலைக்கு எழுதி இரண்டு எலிப்பொறிகளை வரவழைத்தோம். மேசைக்கு ஒன்று வீதம் வைக்கவும் என்று குறிப்பு எழுதி, நாளிட்டு, கையொப்பமும் இட்டுப் பியூன் கையில் கொடுத்து அனுப்பினோம்.

அந்தப் பிரிவுக்குப் புதிதாகக் கணிப்பொறிகள் வந்திருந்தன என்பதை யாம் அறியோம். கணிப்பொறியோடு உள்ளங்கை அளவில் ஒரு கருவி உண்டென்பதும், அதன் பெயர் மவுஸ் என்பதும் அறியோம்.

மாடியில் எழுந்த சிரிப்பொலி படிவழியே இறங்கி எம் மேசை வரை வந்தது. எம் குறிப்பை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். அன்று மாலைக்குள் எமக்கு ஒரு பெயரும் சூட்டினார்கள்: 'சூஹா பாபு'. சூஹா என்றால் இந்தியில் எலி. எம் பிரிவின் தலைமைக் குமாஸ்தாவாகிய படே பாபு ஒருவர் மட்டுமே சிரிக்கவில்லை. அவர் எம்மை மாடிக்கு அழைத்துச் சென்று அக்கருவியை எம் கையில் வைத்தார். "இதுவும் மவுஸ்தான். நீர் அறிந்ததும் மவுஸ்தான். ஒரு பொருள் தெரிந்திருந்தது. மற்றொன்றை யாரும் உமக்குச் சொல்லவில்லை. அவ்வளவே" என்றார். அப்பெரியவர் இன்று இல்லை. அவர் சொல்லிய சொல் எம்மிடம் இருக்கிறது.

அன்பர்களே! அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. மறுநாள் மாலை இரயில்வே இன்ஸ்டிட்யூட் நூலகத்திற்குச் சென்று, இருந்தவற்றுள் பெரிய ஆங்கில அகராதியை எடுத்தோம். எம்மைச் சிரிக்கச் செய்த அச்சொல்லை அதில் தேடினோம். ஒரு பொருளைத் தேடிப் போன இடத்தில் ஒரு கூட்டமே இருந்தது. அன்று தொடங்கிய பழக்கம், இன்றுவரை எம்மை விடவில்லை.

மவுஸ் என்பது மிகப் பழைய சொல். பழைய ஆங்கிலத்தில் அது 'மூஸ்' என்று ஒலித்தது. இலத்தீனில் 'மூஸ்', கிரேக்கத்தில் 'மூஸ்' என்பதற்கு நெருங்கிய ஒலி, செருமானிய மொழியில் 'மவுஸ்' என்றே. வடமொழியில் 'மூஷ்', 'மூஷிகம்'. இவை யாவும் ஒரே குடும்பத்துச் சொற்கள். பிள்ளையாரின் ஊர்தியாகிய மூஷிகமும், எம்மை நகைப்புக்கு இடமாக்கிய மவுஸும் ஒரு கொடிவழியில் வந்தவை என்று அறிந்தபோது எமக்கு வியப்பும் சிறிது ஆறுதலும் உண்டாயின.

இனி அதன் கிளைகளைப் பாருங்கள். கையை மடக்கினால் மேற்கையில் தசை திரண்டு தோலுக்கு அடியில் ஓடுகிறது அல்லவா? அதனைக் கண்ட உரோமர்களுக்குச் சிறிய எலி ஒன்று ஓடுவதுபோல் தோன்றிற்று. ஆகவே 'சிற்றெலி' என்னும் பொருளில் 'மூஸ்குலுஸ்' என்றனர். அதுவே ஆங்கிலத்தில் 'மஸில்' ஆயிற்று. உடற்பயிற்சி செய்யும் நம் இளைஞர்கள் பெருமையோடு காட்டும் மஸில், உண்மையில் ஒரு சுண்டெலிக் குஞ்சு! இதில் நகைக்க ஒன்றும் இல்லை. நம் முன்னோர் காலின் பின்தசையைப் பார்த்தபோது அவர்களுக்குக் கெண்டை மீன் தோன்றிற்று, கெண்டைக்கால் என்றனர். உரோமர் வீட்டு மூலையைப் பார்த்தனர். நாம் வாய்க்காலைப் பார்த்தோம். பார்த்த கண் வேறு. உவமை காணும் உள்ளம் ஒன்றே.

பூண்டுகளிலும் இவ்வாறே. ஐரோப்பாவில் நீலநிறச் சிறு பூப் பூக்கும் செடி ஒன்றிற்கு 'எலியின் காது' என்னும் பொருள்படக் கிரேக்கச் சொல்லால் 'மயோசோடிஸ்' என்று பெயர். நம் வயல் வரப்புகளில் படரும் மூலிகை ஒன்றிற்கு நம் பாட்டிமார் இட்ட பெயர் எலிக்காதிலை. இவர்கள் அவர்களைக் கேட்டதில்லை. அவர்கள் இவர்களைக் கண்டதில்லை. செடிகளும் வேறு வேறு. ஆயினும் பெயர் ஒன்றாகவே வந்து விழுந்தது.

கப்பல் தொழிலாளரிடத்தும் மவுஸ் உண்டு. கொக்கியில் மாட்டிய கயிறு நழுவாதிருக்கக் கொக்கியின் வாயைச் சிறு கயிற்றால் கட்டுவார்கள். அக்கட்டுக்கு மவுஸ் தொடர்பான பெயரே வழங்குகிறது. குத்துச்சண்டையில் கண்ணருகே அடிபட்டு வீங்கினால் அந்த வீக்கத்தையும் பேச்சு வழக்கில் மவுஸ் என்பர். அச்சம் மிக்கவரையும், பேச்சடங்கி இருப்பவரையும் மவுஸ் என்பர். பொறிகளை அனுப்பிய மறுநாள் யாம் அலுவலகத்தில் இருந்த நிலைக்கு இம்மூன்றாம் பொருள் நன்கு பொருந்தும். கண்ணருகே யாரும் குத்தவில்லை. ஆயினும் முகத்தில் வீக்கம் இருந்தது.

போலி உறவுகளும் உண்டு. 'டிட்மவுஸ்' என்று ஒரு சிறு குருவி. அதற்கும் எலிக்கும் தொடர்பு இல்லை. குருவியைக் குறித்த பழைய சொல் ஒன்று ஒலிப்பில் மவுஸை ஒத்திருந்தது. காலப்போக்கில் மக்கள் அதனையும் மவுஸ் ஆக்கிவிட்டனர். இனிஷியல் மாறி எழுதப்பட்ட பணிப்பதிவேட்டைப் போன்றது இது. ஒருமுறை எழுதியாயிற்று, திருத்துவார் இல்லை.

எலியில் பெரிதை ஆங்கிலத்தில் 'ராட்' என்பர். அதற்கு வாய்த்த பொருள்கள் நல்லன அல்ல. காட்டிக்கொடுப்பவன் ராட், வேலைநிறுத்தத்தின்போது உடன் பணிபுரிவோரைக் கைவிட்டு உள்ளே செல்பவனும் ராட். அதனினும் பெரிதாகிய பெருச்சாளிக்கு ஆங்கிலத்தில் பெயர் இல்லை. ஆகவே தெலுங்கிலிருந்து 'பந்திகொக்கு' என்னும் சொல்லைக் கடன் வாங்கி 'பாண்டிகூட்' ஆக்கிக்கொண்டனர். பந்தி என்பது பன்றி. கொக்கு என்பது எலி. பிறகு ஆஸ்திரேலியாவில் வயிற்றில் பையுள்ள சிறு விலங்கொன்றைக் கண்டு அதற்கும் அப்பெயரையே வைத்தனர். நம் அண்டை வீட்டுச் சொல் கடல் கடந்து வேற்று விலங்கின்மேல் ஏறிக்கொண்டது.

இச்சொல் சட்டத்திலும் நுழைந்த வரலாறு ஒன்று உண்டு. அதனைத் தாய்மார்கள் சிறப்பாகக் கேட்கவேண்டும். இங்கிலாந்தில் பெண்களுக்கு வாக்குரிமை வேண்டிப் போராடியோர் சிறையில் உண்ணாநோன்பு இருந்தனர். அவர்களுக்கு வலிந்து உணவு புகட்டினர். அக்கொடுமை கண்டு நாட்டில் கண்டனம் எழுந்தது. 1913ஆம் ஆண்டு அரசு ஒரு சட்டம் செய்தது. நோன்பால் உடல் தளர்ந்தவரை விடுதலை செய்வது. உடல் தேறியதும் மீண்டும் பிடித்துச் சிறையில் இடுவது. எலியை விட்டுப் பிடித்து விளையாடும் பூனையின் செயல் அல்லவா இது? மக்கள் அதற்குப் 'பூனை - எலிச் சட்டம்' என்றே பெயரிட்டனர். சட்டப் புத்தகத்தில் இருந்த நீண்ட பெயரை இன்று அறிவார் சிலரே. 1918இல் 30 வயது நிரம்பிய பெண்களுள் குறித்த தகுதி உடையோர்க்கும், 1928இல் ஆண்களுக்கு நிகராக 21 வயது நிரம்பிய பெண்கள் அனைவர்க்கும் வாக்குரிமை வந்தது. பூனை தோற்றது, எலி வென்றது.

இறுதியாக, எமக்குப் பெயர் வாங்கித் தந்த அக்கருவிக்கு வருவோம். அமெரிக்காவில் ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்தில் டக்ளஸ் எங்கல்பார்ட் என்னும் அறிஞர் இதனைக் கருதினார்; உடன் பணிபுரிந்த பில் இங்கிலீஷ் என்பவர் 1964இல் முதற்கருவியைச் செய்தார். அது மரப்பெட்டி, அடியில் ஒன்றற்கொன்று குறுக்காக இரண்டு சக்கரங்கள், மேலே ஒரு பொத்தான். 1968 டிசம்பர் 9ஆம் நாள் சான்பிரான்சிஸ்கோ நகரில் அதனைப் பலரறிய இயக்கிக் காட்டினார்கள். 1970இல் காப்புரிமை கிடைத்தது. அந்த ஆவணத்தில் மவுஸ் என்பதன்று தலைப்பு. திரையில் இடம் காட்டும் கருவி என்ற பொருளில் நீண்டதொரு பெயர். ஆனால் நிலைத்தது சிறிய பெயர்தான். ஏன் மவுஸ் என்கிறோம் என்று தமக்கே தெரியவில்லை என்று எங்கல்பார்ட் அன்று மேடையிலேயே சொன்னார். வால்போல் கம்பி நீண்டிருந்ததால் அப்பெயர் வந்தது என்பர். இன்று கம்பியில்லாக் கருவிகள் வந்துவிட்டன. வால் போயிற்று, பெயர் போகவில்லை. 2013இல் மறைந்த அவ்வறிஞர் இதனால் பெருஞ்செல்வம் ஏதும் ஈட்டவும் இல்லை.

அன்பர்களே! ஒரு சிற்றுயிரின் பெயர் இத்தனை சுமையைச் சுமக்கிறது. எம் அலுவலகத்தில் புதிய ஆள் எடுக்காமல், இருக்கும் குமாஸ்தாவிடமே கூடுதல் பொறுப்பை ஒப்படைப்பார்கள். மொழியும் அதனையே செய்கிறது. குமாஸ்தா முணுமுணுப்பார், சொல் முணுமுணுப்பதில்லை, வளர்கிறது. வேலை மிகுந்த சொல்லே வாழும் சொல். ஒவ்வொரு வேலையாகப் பிடுங்கிக்கொண்டால் சொல் ஓய்வு பெற்றுவிடும்.

நம் தமிழ் இதில் பின்தங்கியதா? இல்லை. இக்கருவிக்குத் தமிழில் 'சுட்டி' என்று பெயர் வைத்தார்கள். சுண்டெலியையும் மறவாது 'சுட்டெலி' என்பாரும் உளர். சுட்டி என்ற சொல்லை எண்ணிப் பாருங்கள். பெண் குழந்தையின் நெற்றியில் தொங்கும் அணி சுட்டி. மாட்டின் நெற்றியில் உள்ள வெள்ளை சுட்டி. குறும்பும் அறிவும் மிகுந்த பிள்ளை சுட்டி. அ, இ, உ என்பன சுட்டெழுத்துகள் என்று நம் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் படிக்கிறார்கள். அக்கருவியை அழுத்தும் விரலோ சுட்டுவிரல்! மவுஸுக்கு எத்தனை பொருளோ, ஏறத்தாழ அத்தனை பொருளை நம் சுட்டியும் தாங்கி நிற்கிறது.

இப்போது யாம் சொல்ல வந்த செய்திக்கு வருகின்றோம். சென்ற ஆண்டு விழாவில் எம் மகள் இம்மேடையில் நடனம் ஆடினாள். அவளுக்கு வயது எட்டு. விழா முடிந்த சில நாட்களில் வீட்டில் கணிப்பொறிமுன் அமர்ந்திருந்தோம். கருவி அவள் பக்கத்து மேசையில் கிடந்தது. "கண்ணம்மா, அந்தச் சுட்டியை எடுத்து வா" என்றோம். அவள் உள்ளே ஓடினாள். பெட்டியைத் திறக்கும் ஓசை கேட்டது. நடனத்திற்கு அணிந்த நெற்றிச்சுட்டியை உள்ளங்கையில் ஏந்தி வந்து நின்றாள்.

அவள் தமையனுக்கு வயது 15. அவன் உரக்கச் சிரித்தான். "இவளுக்குத் தமிழே தெரியாது" என்றான். குழந்தையின் முகம் கருத்தது. அன்று மாலை அவள் எம்மிடம் இந்தியில் பேசினாள். மறுநாளும் இந்தியே. ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்புக்கு வரமாட்டேன் என்றாள்.

யாம் அம்முகத்தை அறிவோம். 2001இல் ஆவண அறையின் வாயிலில் அமர்ந்திருந்த முகம் அது.

அவளை அருகே அமர்த்திக்கொண்டோம். "அம்மா, உனக்குத் தமிழ் தெரியும். தெரிந்ததால்தான் நெற்றிச்சுட்டியைக் கொண்டுவந்தாய். ஒரு பொருள் உனக்குத் தெரியும். மற்றொன்றை யாம் உனக்குச் சொல்லவில்லை. தவறு எம்முடையது" என்றோம். பிறகு இரண்டு எலிப்பொறிகளின் கதையைச் சொன்னோம். அதுவரை வீட்டில் ஒருவரிடமும் அதனைச் சொன்னதில்லை. நடைமேடையிலும் குடியிருப்பிலும் எம்மைச் சூஹா பாபு என்று அழைப்பதை அவள் பலமுறை கேட்டிருக்கிறாள். காரணம் கேட்டபோதெல்லாம் யாம் பேச்சை மாற்றியிருக்கிறோம். அன்று முழுக் கதையும் கேட்டாள். சிறிது நேரம் எம்மையே பார்த்தாள். "அப்பா, அந்தப் பொறியில எலி விழுந்துச்சா?" என்று கேட்டாள். தமிழில் கேட்டாள்! அருகில் இருந்த தமையனும் தலை குனிந்து சிரித்தான். இம்முறை அவன் சிரித்தது தங்கையைப் பார்த்து அன்று.

பெரியோர்களே! பொருள் மாறிப் புரிந்துகொள்வது அறியாமை அன்று. சொல்லின் ஒரு வாயிலில் நுழைந்தவன், மறு வாயிலை இன்னும் காணவில்லை என்பதே அதன் பொருள். காட்டினால் காண்பான், நகைத்தால் திரும்பிப் போய்விடுவான். இங்கே பிறந்த நம் பிள்ளைகள் தமிழில் தடுமாறும்போது நாம் நகைக்கிறோம். அவர்கள் சண்டையிடுவதில்லை, வேறு மொழிக்குப் போய்விடுகிறார்கள். ஊரிலிருந்து பாதைப் பணிக்குப் புதிதாக வரும் இளைஞர்களும் அவ்வாறே. ஆங்கிலமும் இந்தியும் கலந்து பேசும் நம் கூட்டத்தில் வாய் திறந்தால் நகைப்பார்களோ என்று அஞ்சி, சங்கத்தின் படியேறாமல் நிற்போர் உண்டு. யாமும் முதல் இரண்டு ஆண்டுகள் இப்படிக்கட்டின் கீழே நின்று திரும்பியவர்களே.

ஆகவே எம் வேண்டுகோள் மிகச் சிறியது. நம் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் வாரம் ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். அதன் எல்லாப் பொருளையும் பிள்ளைகளே தேடி வரட்டும்; பாட்டியிடமும் கேட்கட்டும், அகராதியிலும் பார்க்கட்டும். முதற்சொல்லாகச் சுட்டியை வைத்துக்கொள்ளலாம். எலிக்காதிலை அடுத்து வரட்டும். சொல்லின் பொருள் அறியாது கேட்போரை இச்சங்கத்தில் எவரும் நகைப்பதில்லை என்பதை, எழுதப்படாத விதியாக நாம் கொள்வோம்.

மலையைக் கெல்லி எலியைப் பிடித்த கதையாக இவ்வுரை முடிந்தது என்று சிலர் கருதலாம். இருக்கட்டும், எலியைத்தான் யாம் தேடி வந்தோம். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பது நம் பழமொழி. ஊரை விட்டு ஆயிரம் கல் தொலைவில் வாழும் நமக்கு இச்சங்கமே அத்தனி வளை. இதனுள் அச்சமின்றி நுழையவும், அச்சமின்றிப் பேசவும், அச்சமின்றித் தவறவும் நம் பிள்ளைகளுக்கு இடம் இருக்கட்டும்.